ஒட்டி வாழ்தல்: வயதும் இடமும்

இலக்கியச் சண்டைகளில் 'ஒட்டுண்ணி' என்பது நாம் கூசாமல் வீசும் வசைச்சொல். மரபை உண்டு வாழ்பவர், பிறமொழியை அண்டி எழுதுபவர் என எவர் மீதும் அதனை ஒட்டிவிடுகிறோம். உயிரியலில் அச்சொல் அத்தனை எளிதாக ஒட்டுவதில்லை. நன்னீர் மட்டியையும், நம் தோலில் குடியிருக்கும் 'ஸ்டைஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ்' என்னும் பாக்டீரியாவையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

தமிழகத்து ஆறு குளங்களில் காணப்படும் 'லாமெல்லிடென்ஸ் மார்ஜினாலிஸ்' நீரை வடிகட்டி உண்ணும் மட்டி. அதன் லார்வாவோ சிலகாலம் மீனின் செவுளையோ துடுப்பையோ பற்றிக்கொண்டுதான் வளர முடியும். 1797இல் ராத்கே என்னும் அறிஞர் தாய்மட்டியின் செவுளில் இத்தகைய லார்வாக்களைக் கண்டு, அவை மட்டியைத் தாக்கும் ஒட்டுண்ணிகள் என்றே கருதிப் பெயரிட்டார். பெற்ற பிள்ளையைத் திருடன் என்று எழுதிவைத்த கதைதான். அவை மட்டியின் குஞ்சுகளே என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் உறுதியாயிற்று. தாயிடம் பிள்ளை, மீனிடம் ஒட்டுண்ணி, வளர்ந்தபின் ஆற்றின் வடிகட்டி: மட்டியின் குணம் வயதால் மாறுகிறது.

பாக்டீரியாவின் குணம் இடத்தால் மாறுகிறது. தோலில் அது பெரும்பாலும் தீங்கற்ற துணை. அதன் சில வகைகள் சுரக்கும் ஒரு நொதி, மூக்கினுள் தீய உறவினனான 'ஸ்டைஃபிலோகாக்கஸ் ஆரியஸ்' நிலைகொள்வதைத் தடுக்கிறது என 2010இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினர். அதே நுண்ணுயிர் செயற்கை இதய வால்விலோ இரத்தக்குழாய்க்குள் செலுத்திய குழாயிலோ படலமாகப் படிந்தால் உயிருக்கே ஆபத்து.

இருவரில் யாருக்கு இரங்குவது? பாக்டீரியாவுக்கு எண்ணூறு கோடி மனிதர்கள் வீடு. மட்டிக்கோ உரிய மீன் வந்தாக வேண்டும். பல மட்டியினங்களின் லார்வாக்கள் எல்லா மீனிலும் வளர்வதில்லை. நீலகிரியின் நீர்நிலைகளில் வெள்ளையர் ட்ரவுட்டைக் கொண்டுவந்து விட்டனர். 1939இல் இலங்கையிலிருந்து சாதாக் கெண்டை வந்தது. 1932இல் பைக்காரா மின்திட்டம் இயங்கத் தொடங்கியது. பின்னர் குந்தாவிலும் அணைகள் எழுந்தன. மலையிறங்கும் நீர் பவானியைச் சேருமுன் தேயிலைச் சரிவுகளையும் ஊர்க் கழிவுகளையும் கடக்கிறது. மீனின் வழியை மறித்தால் மட்டியின் வழியும் அடைபடும். ஆகவே மலையின் ஆறுகளைக் காப்போர் மீனைக் கணக்கெடுக்கையில் மட்டியையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்பது நம் துணிபு.

விமர்சகருக்கும் இதில் ஒரு சொல் உண்டு. ஒருவரை ஒட்டுண்ணி என்னுமுன் இரண்டைக் கேட்டுக்கொள்வோம்: இது எந்த வயது? இது எந்த இடம்?