பழைய வீட்டைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

மே மாத லீவு முடிந்தால் என் முகநூல் பக்கம் பூராவும் பழைய வீடுகளாக வந்து நிறைகிறது. ஓடு சரிந்த வீடு, பூட்டிக் கிடக்கும் பள்ளிக்கூடம், தூர்ந்துபோன கிணறு. அதன் முன்னால் நின்று ஒரு படம். கீழே "அது ஒரு காலம்" என்று ஒரு வரி. நானும் அவற்றுக்கெல்லாம் இதயம் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். வளர்ந்த ஊரை மறக்காமல் போய்வருவது நல்ல விஷயம். ஆனாலும் கணக்கு வாத்தியார் புத்தி ஒன்றைக் கேட்கச் சொல்கிறது. போவதற்கு முன் உங்கள் அப்பா அம்மாவைப் பற்றித் தெரியாத ஏதாவது ஒன்று, போய்வந்த பிறகு தெரிந்ததா?

பெரும்பாலும் தெரிந்திருக்காது என்பது என் எண்ணம். ஏனென்றால் நாம் விளையாடிய இடங்களைத் தேடித்தான் போகிறோம். பெற்றவர்கள் வேலை பார்த்த இடத்துக்குப் போவதில்லை. வயலோ, தறியோ, மில்லோ, ரயில்வே கேட்டோ, அங்கே போய் நின்றால்தான் அவர்களைப் பற்றிக் கொஞ்சமாவது பிடிபடும். தனியாகப் போவதிலும் பாதிப் பயன்தான். அந்தக் காலத்தைப் பார்த்த மூத்தவர் ஒருவரை, அவரால் நடக்க முடியும்போதே கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

என் மாணவர்களில் பலருக்குத் தெரியாது, நான் வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவன். அப்பாவுக்குக் கவாத்து வேலை. அம்மாவுக்குக் கொழுந்து பறிக்கிற வேலை. எஸ்டேட் பெயர் இங்கே வேண்டாம்.

எங்கள் லைன் வீட்டுச் சுவரில் ஒரு ஆணி அடிக்க அப்பா விடமாட்டார். முருகன் படம்கூட தகரப் பெட்டியின் மேல் சாய்ந்தபடிதான் இருக்கும். வாசலில் ஒரு கொய்யாக் கன்று வைத்தபோது, "யாருக்குடா இது?" என்று கேட்டார். கஞ்சர் என்று சொந்தக்காரர்கள் பேசுவார்கள். அம்மா விடிந்தால் எங்களை அடிப்பார். சாயங்காலம் அடிக்கவே மாட்டார். இந்த இரண்டையும் சின்ன வயதில் அவரவர் குணம் என்றுதான் எல்லாரும் எடுத்துக்கொண்டோம்.

போன வருஷம் அக்காவை அழைத்துக்கொண்டு போனேன். அக்காவுக்கு 72 வயது, திருப்பூரில் மகன் வீட்டில் இருக்கிறார். ஜூன் மாதம்தான் போக வேண்டும் என்று அவரே சொன்னார். "மே மாசம் போனா டூரிஸ்ட் மாதிரி இருக்கும். மழையில போனாத்தான் அது நம்ம ஊரு." ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஏற ஏற மழை. வழியெல்லாம் கார்களை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பச்சைப் பசேல் என்று கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கிறது. அந்தப் பச்சைக்குள் அட்டை இருக்கும், எங்கள் அம்மாவின் கால் ரத்தமும் இருக்கும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

லைன் வீட்டிலிருந்து பெரட்டுக் களத்துக்கு நடந்தோம். காலையில் வேலைக்கு ஆளெடுக்கும் இடம் அது. பழக்கதோஷம், அடி எண்ணினேன். 1,140. எல்லாம் ஏற்றம். எனக்கு மூச்சு வாங்கியது. அம்மா இதே ஏற்றத்தை அடுப்பு வேலை முடித்து, கடைசித் தங்கச்சியைப் பிள்ளைக் காப்பகத்தில் விட்டுவிட்டு, நனைந்தால் இன்னும் கனக்கும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஏறியிருக்கிறார். நேரம் தப்பினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அன்றைக்குப் பேர் கிடையாது, சம்பளமும் கிடையாது. சட்டைப் பித்தானைத் தேடி நான் வீணாக்கிய ஐந்து நிமிஷத்துக்கு ஒரு நாள் கூலி விலை. காலையில் விழுந்த அடிக்கு எனக்குக் கணக்குக் கிடைத்தது. அந்தக் கூலியும் ஆண்களுக்குக் கொடுத்ததைவிடக் குறைவு. சம ஊதியச் சட்டம் வந்ததே 1976-இல்தான். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறக்குறைய நாலரை கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். இரண்டு இலை, ஒரு மொட்டு என்று கிள்ளிக் கிள்ளி அது சேர வேண்டும். வகுப்பில் விகிதம் நடத்தும்போது இந்த உதாரணத்தைச் சொல்லியிருக்கிறேன், சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். கூடை எங்கள் வீட்டுக் கூடை என்று சொன்னதில்லை.

அப்பாவின் ஆணிக்கு வருகிறேன். 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கு நிர்வாகம் வீடு கொடுக்க வேண்டும் என்றது. நல்ல சட்டம்தான். ஆனால் வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால், ஓய்வு பெற்றால், வீட்டைக் காலி செய்ய வேண்டும். முப்பது வருஷம் குடியிருந்தாலும் அது அடுத்தவர் வீடு. அதனால்தான் சுவரில் ஆணி இல்லை, வாசலில் மரம் இல்லை. கீழே சமவெளியில் மூன்று சென்ட் இடம் வாங்கக் காசு சேர்த்துக்கொண்டே இருந்தார் அப்பா. வாங்கவே இல்லை.

வீட்டைத் தக்கவைக்க ஒரு வழி உண்டு. குடும்பத்தில் இன்னொருவர் எஸ்டேட்டில் பேர் பதிய வேண்டும்.

பெரட்டுக் களத்தில் ஒரு மூலையில் நின்று அக்கா சொன்னது இது. அப்பா 1970-இல் ஓய்வு பெற்றார். வீடு அம்மா வேலையில் நின்றது. அடுத்த வருஷம் அம்மாவுக்கு முதுகு போய்விட்டது. அக்கா அப்போதுதான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். "டீச்சர் ட்ரெயினிங்குக்குப் பாரம் வாங்கி எழுதியே வெச்சிருந்தேன்டா. அப்பா ரெண்டு நாள் ஒண்ணும் பேசலை. மூணாம் நாள் இந்த எடத்துக்குக் கூட்டிட்டு வந்தாரு. நீ பேர் குடுத்தா தம்பி இங்க இருந்து படிப்பான், இல்லாட்டி எல்லாரும் கீழ எறங்கணும், கீழ நமக்கு யாரு இருக்காங்கன்னு கேட்டாரு. நான் சரின்னேன்."

40 வருஷம் கொழுந்து பறித்தார் அக்கா. நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போனேன். "பெரியவளுக்குப் படிப்பு ஏறலை" என்பதுதான் அப்பா ஊரெல்லாம் சொன்ன கதை. எனக்கும் அதையே சொல்லி வளர்த்தார். அந்தப் பொய் எனக்காகத்தான் என்கிறார் அக்கா, நான் கடன்காரனாக வளரக்கூடாதாம். எனக்கு அப்படி முழுசாகத் தோன்றவில்லை. தன் மனசுக்காகவும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார் என்றே நினைக்கிறேன். இதில் எனக்கும் அக்காவுக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. அப்பா செய்தது சரி என்று என்னால் சொல்ல முடியாது. பாஸ் செய்த பெண்ணை நிறுத்திவிட்டு, பாஸ் செய்வானா என்று தெரியாத பையனை நம்பினார். இன்று யாராவது ஒரு மாணவியின் அப்பா அப்படிச் செய்தால் நேரே வீட்டுக்குப் போய்ச் சண்டை போடுவேன். ஆனால் அப்பாவை வெறும் கல்நெஞ்சக்காரர் என்று இனி நினைக்க முடியாது. அந்த இரண்டு நாள் மௌனம் இப்போது எனக்குத் தெரியும்.

கவனியுங்கள், இதே அக்காவைத் திருப்பூர் வீட்டில் சோபாவில் உட்காரவைத்து எத்தனையோ முறை பழைய கதை கேட்டிருக்கிறோம். "அதெல்லாம் இப்ப எதுக்குடா, டீ குடி" என்பார். களத்தில் கால் வைத்ததும் யாரும் கேட்காமலே வந்தது. மூத்தவர்களைக் கூட்டிப் போகச் சொல்வது இதனால்தான். இடம் இல்லாமல் அவர்களுக்குச் சில பேச்சு வராது.

புத்தகம் படித்தால் போதாதா என்று சிலர் கேட்பீர்கள். டாக்டர் பி.எச்.டேனியல் 1969-இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவலை 'எரியும் பனிக்காடு' என்று இரா.முருகவேள் தமிழில் தந்திருக்கிறார். கட்டாயம் படியுங்கள். எங்கள் தாத்தா தலைமுறை பட்டது அதில் இருக்கிறது. எங்கள் வீட்டு ஆணி எந்தப் புத்தகத்திலும் இல்லை.

இன்னொன்று, பழைய வீட்டில் இப்போது யாரோ குடியிருப்பார்கள். அவர்களுக்கு அது நினைவிடம் இல்லை, வீடு. எங்கள் லைன் வீட்டில் ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு இளம் குடும்பம். 'நான் பிறந்த வீடு' என்று செல்போனை நீட்டிக்கொண்டு உள்ளே நுழைய எனக்கு மனம் வரவில்லை. வாசலில் நின்றோம். அந்தப் பெண் பால் இல்லாத டீ கொடுத்தார். அக்கா அவரிடம் கேட்ட முதல் கேள்வி, "உன் பேரு செக்ரோல்ல ஏறிடுச்சா?" அந்தப் பெண்ணுக்குத் தமிழ் அரைகுறைதான். 'செக்ரோல்' மட்டும் உடனே புரிந்தது. இன்னும் இல்லை என்று கையை ஆட்டினார். சுவரில் ஆணி இருக்கிறதா என்று வெளியிலிருந்தே எட்டிப் பார்த்தேன். ஒரு காலண்டர் தொங்கியது. சந்தோஷமாக இருந்தது.

பெரியப்பா, சித்தப்பா வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அப்பாவின் செக்ரோல் நம்பர் போட்ட பி.எஃப். சீட்டு ஒன்று பெரியப்பாவின் மரப்பெட்டியில் இருந்ததாக அக்கா சொல்கிறார். கூடவே அக்கா எழுதிவைத்த அந்தப் பாரமும் இருக்கலாம். கிடைத்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். வருகிற ஜூனில் மறுபடியும் போகிறோம். அக்காவுக்கு ஃபேக்டரியையும் பார்க்க வேண்டுமாம். வண்டியில் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது. வருகிறவர்கள் குடையும் கொஞ்சம் உப்பும் எடுத்துக்கொள்ளுங்கள், அட்டை இன்னும் அப்படியேதான் இருக்கிறது.