கல்லறைச் சுவரும் கடைசித் தீர்ப்பும்

கிறித்தவத் தமிழ் இலக்கியம் என்றதும் நம் இலக்கியக் கூட்டங்களில் ஒரு மெல்லிய புன்னகை எழும். வீரமாமுனிவரின் தமிழுக்காகத் ‘தேம்பாவணி’க்கு ஒரு வணக்கம், பிறகு, மற்றதெல்லாம் நரகத்தைக் காட்டி மிரட்டுவதுதானே என்றொரு தீர்ப்பு. இறுதித் தீர்ப்பு என்ற கருத்தே தமிழ் மண்ணில் ஒட்டாதது, பாலைநிலத்துச் சரக்கு என்பாரும் உண்டு. இவர்களில் எத்தனை பேர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிக’த்தில் ஒரு படலமேனும் வாசித்திருப்பார்கள் என்று கேட்க ஆசை. கேட்டால் நட்பு கெடும். ஆகவே எழுதுகிறேன்.

வைணவக் குடும்பத்தில் 1827இல் பிறந்து, கம்பனில் ஊறி, 1858இல் கிறித்தவரானவர் கிருஷ்ணபிள்ளை. ஜான் பன்யன் 1678இல் வெளியிட்ட உருவகக் கதையை அடியொற்றி அவர் இயற்றிய, மூவாயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட விருத்தங்கள் கொண்ட காப்பியம் 1894இல் அச்சேறியது. அழியப்போகும் நகரிலிருந்து ஒருவன் தீர்ப்புக்கு அஞ்சி ஓடுவதில் பன்யனின் கதை தொடங்குகிறது என்பது மெய்தான். ஆனால் அச்சம் தொடக்கப் பக்கங்களோடு சரி. கதையின் நடுவில் இன்னொரு தீர்ப்பு வருகிறது. மாயச் சந்தையில் சக பயணி கைதாகிறான். வெறுப்பே உருவான நீதிபதி, முன்பே முடிவெடுத்துவிட்ட நடுவர்கள், பொய்ச்சாட்சிகள், மரணதண்டனை. உரிமமின்றிப் போதித்ததற்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையில் கிடந்தவர் எழுதிய காட்சி அது. மேலே ஒரு நீதிமன்றம் உண்டு என்று அவர் நம்பியது யாரை மிரட்டுவதற்காக என்பதை இனி வாசகர் முடிவு செய்யட்டும்.

மண்ணுக்கு ஒட்டாதது என்ற வாதம் இன்னும் பலவீனமானது. கன்றை இழந்த பசு மணியடித்து நீதி கேட்ட கதை திருவாரூரில் கல்தேராகவே நிற்கிறது. தான் கள்வனென்று உணர்ந்த கணத்தில் உயிர்விட்ட பாண்டியனை நாம் பள்ளியிலேயே படித்தோம். எங்கள் வலங்கைமானில் பங்குனி தோறும், சாவின் விளிம்புவரை சென்று மீண்டவர்கள் பாடையில் பிணமாய்ப் படுத்து மகாமாரியம்மன் கோயிலுக்குச் சுமந்து வரப்படுகிறார்கள். அங்கே எழுந்து நடக்கிறார்கள். இது கிறித்தவ உயிர்த்தெழுதல் அன்று. ஆனால் பாடையிலிருந்து எழுவதென்பது இவ்வூரார் விளக்கவுரை கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டிய செய்தியும் அன்று.

உண்மையான வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. அதைப் பேச நம்மவர்க்குத் தயக்கம்.

1968 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் இரவு. இதே காவிரிப் படுகையில், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளரின் சேரியில், கீழ்வெண்மணியில், ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். விசாரணை நீதிமன்றம் தண்டித்த மிராசுதாரர்களை உயர்நீதிமன்றம் விடுவித்தது. செல்வந்தர்களான அவர்கள் தாமே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பத்தக்கதன்று எனக் கருதியது. இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ இந்நிகழ்வின் மேல் எழுந்த நாவல். 1977இல் சாகித்திய அகாதெமி பரிசும் பெற்றது. எரிந்த குழந்தைக்கு அதனால் என்ன?

ஊழ்வினைக் கொள்கை அக்குழந்தையைப் பார்த்து, முற்பிறப்பில் நீ செய்தது என்று சொல்ல வேண்டியிருக்கும். சொல்லக் கூசினால் மௌனம் காக்கும். முற்போக்காளர் நாளைய சமுதாயத்தில் நீதி மலரும் என்பார். நானும் அதை விரும்புபவன். ஆயினும் நாளைய சமுதாயத்தில் இவர்கள் இல்லை. வழக்கு முடியவில்லை, இறந்தவரையும் அழைத்து விசாரிப்பேன் என்று சொல்லும் ஒரு நம்பிக்கையை மூடநம்பிக்கை என்று தள்ளலாம். அச்சுறுத்தல் என்று தள்ள முடியாது. அது அச்சுறுத்துவது தீ வைத்தவனை. கிறித்தவர் உறுதி என்று சொல்வது, அந்த நீதிபதி ஒருகாலத்தில் பிலாத்துவின் முன் கைதியாய் நின்று, பிழையான தீர்ப்பால் கொல்லப்பட்டவர் என்பதிலிருந்து பிறக்கிறது. கைகளில் காயமுள்ள நீதிபதி அவர். இவ்விடத்தில்தான் அவர்களுடைய அச்சம் நம்பிக்கையாக மாறுகிறது. இதைத் தவறவிட்டு அவர்களின் இலக்கியத்தை வாசிப்பது, ஊழை விட்டுவிட்டுச் சிலம்பை வாசிப்பது போன்றது.

இதுவரை படித்து மகிழ்ந்த போதகர்கள் சற்றே பொறுக்க வேண்டும். இக்கருத்துக்கு இலக்கியவாதிகள் செய்ததைவிடப் பெரிய கேட்டைச் செய்தவர்கள் அவர்கள். 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை, நாகப்பட்டினக் கரையில் மீனவக் குப்பங்களோடு வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்திரிகரையும் கடல் கொண்டுபோனது. பிணங்கள் அடக்கமாவதற்குள், இது தேவனின் நியாயத்தீர்ப்பு என்ற பேச்சு மேடைகளில் எழுந்தது. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் மாண்டபோது, அவர்கள் மற்றவரைவிடப் பாவிகள் என்றா நினைக்கிறீர்கள் என்று அவர்களுடைய ஆண்டவரே கேட்டு, அப்படியல்ல என்று மறுத்தது லூக்காவின் 13ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. மத்தேயுவின் 25ஆம் அதிகாரத்திலோ தீர்ப்புக்குரிய கேள்விகளே முன்கூட்டித் தரப்பட்டுள்ளன: பசித்தவனுக்குச் சோறிட்டாயா, சிறையிலிருப்பவனைப் பார்த்தாயா. அங்கே வலப்பக்கம் நிற்பவர்கள் தாம் நல்லது செய்ததே தெரியாமல் திகைக்கிறார்கள். இடப்பக்கத்தாருக்கும் திகைப்புதான், தமக்கு இடம் உறுதி என்று எண்ணியவர்கள் போலும். அண்டை வீட்டானின் நரகத்தைப் பற்றி அத்தனை உறுதியாகப் பேசுவோர் அந்தக் காட்சியை மறுபடி வாசிக்கலாம்.

தஞ்சையின் வரலாறு இதைவிடக் கடுமையானது. சுவார்ட்ஸ் ஐயரின் மாணவர் வேதநாயக சாஸ்திரியார். அவருடைய கீர்த்தனைகள் இன்றும் தேவாலயங்களில் பாடப்படுகின்றன; ‘பெத்லகேம் குறவஞ்சி’ நான் விரும்பி வாசிக்கும் நூல். அந்தச் சாஸ்திரியாரே, சாதி பாராமல் கலந்தமர வேண்டும், ஒரே கிண்ணத்தில் நற்கருணை பெற வேண்டும் என்று 1820களில் புதிய மிஷனரிகள் வற்புறுத்தியபோது, வேளாளக் கிறித்தவர் சார்பில் எதிர்த்து எழுதினார். 1833இல் பேராயர் டேனியல் வில்சன் சபையில் சாதியை ஒழிக்கச் சுற்றறிக்கை விடுத்தார். தஞ்சைச் சபையில் பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. கடைசி நாளில் எல்லாரும் ஒரே சிங்காசனத்தின்முன் நிற்போம் என்று பாடியவர்களுக்கு, ஞாயிற்றுக்கிழமை ஒரே பாயில் உட்கார முடியவில்லை.

பழங்கதை என்று ஒதுக்க வேண்டாம். திருச்சிராப்பள்ளி மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறித்தவரின் குழிகளைத் தனியே பிரிக்கச் சுவர் எழுப்பப்பட்டது. இடிக்கக் கோரிப் போராட்டங்கள் நடந்தன. உயிர்த்தெழும் நாளுக்காகக் காத்திருக்கும் உடல்கள் என்ற விசுவாசத்தோடுதான் இருபுறமும் புதைத்தார்கள். அப்படியாயின் அச்சுவரை எழுப்பியவர்களிடமும், காத்துநின்றவர்களிடமும் எனக்கு ஒரே கேள்வி: எக்காளம் ஊதும் காலையில் அந்தச் சுவருக்கு எந்தப் பக்கத்தில் வந்து நிற்பார் என்று எண்ணினீர்கள், நீங்கள் காத்திருக்கும் நீதிபதி?