மணி அடிக்கிறது, எடுக்க ஆளில்லை

ஆசிரியருக்கு,

ஒரு சான்றிதழ் விஷயமாக, அதிகாரி இருக்கிறாரா என்று கேட்டுக்கொண்டு கிளம்பலாம் என மலைமேல் உள்ள ஓர் அலுவலகத்துக்குப் பலமுறை போன் செய்தேன். மணி முழுதாக அடித்து ஓய்ந்ததுதான் மிச்சம். நேரில் போனபோது, "சார் ஃபீல்டுக்குப் போயிருக்கார்" என்றார்கள். எங்கள் மலையில் இது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல.

ஃபீல்டுக்குப் போவது குற்றமில்லை. கொல்லிமலையின் 14 ஊராட்சிகளும் மேடும் பள்ளமுமாகச் சிதறிக் கிடக்கின்றன. அதிகாரி மேசையை விட்டு எழாவிட்டால்தான் நாங்கள் கோபப்பட வேண்டும். ஆனால் அவர் கிளம்பும்போது அலுவலகத்துக்கு வரும் அழைப்பும் அவரைத் தேடிப் போக வழி இருக்கிறதே, அதை ஏன் செய்வதில்லை? கால் ஃபார்வர்டிங் நேற்று வந்த வசதி அல்ல. லேண்ட்லைனிலும் உண்டு, இன்டர்காம் எக்ஸ்சேஞ்சிலும் உண்டு. எல்லா அழைப்பையும் திருப்பலாம். லைன் பிஸியாக இருக்கும்போது மட்டும் திருப்பலாம். சில நொடிகள் மணி அடித்தும் யாரும் எடுக்காவிட்டால் திருப்பலாம். எங்களுக்கு வேண்டியது இந்த மூன்றாவது வகை. ஆள் இருந்தால் அவரே எடுப்பார்.

எந்த எண்ணுக்குத் திருப்புவது என்பதில்தான் கவனம் தேவை. அதிகாரியின் சொந்த செல்போன் கூடாது. அவர் மாறுதலாகிப் போன பிறகும் அழைப்பு அவருக்கே போய்க்கொண்டிருந்தால், இங்கிருந்து கூப்பிடுகிறவர் வேறு மாவட்டத்தில் இருப்பவரிடம் தன் குறையைச் சொல்லிக்கொண்டிருப்பார். பதவிக்கென்று கொடுத்த சி.யூ.ஜி. செல்போன் எண்ணுக்கே திருப்ப வேண்டும். பொறுப்பு ஒப்படைக்கும்போது சாவி, பதிவேடுகளோடு இதையும் சரிபார்த்துக் கையெழுத்து வாங்க வேண்டும். மலையில் சிக்னல் கிடைக்காத இடங்கள் இன்னும் நிறைய இருப்பதால், அந்த எண்ணும் கிடைக்காவிட்டால் கீழே நாமக்கல்லில் ஆள் இருக்கும் ஒரு மேசைக்கு அழைப்பு போகும்படி அமைப்பது அவசியம்.

"மோசடி நடக்கிறது என்று ஃபார்வர்டிங்கையே நிறுத்திவிட்டார்களே" என்று ஒருவர் எனக்குப் பதில் சொன்னார். அது சரியல்ல. செல்போனில் *401# போன்ற குறியீடுகளை அழுத்தச் சொல்லி, அழைப்புகளைத் தங்கள் பக்கம் திருப்பி ஏமாற்றியவர்களைத் தடுக்கத்தான் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2024 ஏப்ரல் 15 முதல் அந்த ஒரு வழியை நிறுத்தச் சொன்னது. மாற்று வழியில் வசதியைப் பெற அந்த உத்தரவிலேயே இடம் இருந்தது. அலுவலக எக்ஸ்சேஞ்சில் செய்யும் ஏற்பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், அதிகாரிகள், ஊழியர்களின் விவரப் பட்டியலை ஒவ்வோர் அலுவலகமும் தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது. எண்ணை வெளியிட்டுவிட்டு எடுக்காமல் இருந்தால் அந்தப் பட்டியலால் யாருக்கு என்ன பயன்? ஓர் அலைச்சல் என்றால் எங்களுக்கு ஒரு நாள் கூலி போச்சு. மிளகு பறிக்கும் காலத்தில் அந்த இழப்பு இன்னும் அதிகம். மலைக்கு ஏறி வரும் காரவள்ளிப் பாதையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் எங்காவது மண் சரிந்தால், போனை யாரும் எடுக்காதபோது முதலில் பார்ப்பவர் யாரிடம் சொல்வார்?

மலையில் உள்ள ஒவ்வொரு துறை அலுவலகத்திலும் அழைப்பைத் திருப்பும் இந்த வசதியைச் செய்ய மாவட்ட நிர்வாகம் உத்தரவிட வேண்டும். செய்தாயிற்று என்ற அறிக்கை மட்டும் போதாது. மாதம் ஒருமுறை, முன்னறிவிப்பின்றி, வெளியிலிருந்து ஒருவர் அந்த எண்களை அழைத்துப் பார்த்து, எடுக்காத அலுவலகத்திடம் விளக்கம் கேட்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் இது நடக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கொல்லிமலை.