அறிந்தே பாய்ந்த அம்புகள்

1975 ஜனவரி 1ஆம் தேதி, வாட்டர்கேட் வழக்கில் ஜான் மிட்செல், எச்.ஆர். ஹால்ட்மன், ஜான் எர்லிக்மன் ஆகிய மூவரும் குற்றவாளிகள் என்று வாஷிங்டன் நீதிமன்றத்தின் ஜூரிகள் தீர்ப்பளித்தனர். சதி, நீதிக்குக் குறுக்கே நின்றது, சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னது ஆகியவை அவர்கள் செய்த குற்றங்கள். அதற்கு ஏறத்தாழ நான்கு மாதங்களுக்கு முன்பே, 1974 செப்டம்பர் 8 அன்று, அவர்களுடைய தலைவரான முன்னாள் அதிபர் நிக்சனுக்கு, அவருக்குப் பின் அதிபரான ஜெரால்ட் ஃபோர்டு முழு மன்னிப்பு வழங்கிவிட்டார். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று கேட்கத்தான் தோன்றும். ஆனாலும் அந்தத் தண்டனை நியாயமானது. உதவியாளர்கள் என்பதற்காக அவர்கள் மீது இரக்கப்படத் தேவையில்லை.

அம்புக்கு அறிவு கிடையாது, இவர்களுக்கு இருந்தது. மிட்செல் நாட்டின் அட்டர்னி ஜெனரலாக இருந்தவர். எர்லிக்மன் வழக்கறிஞர். எது குற்றம் என்று இவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாட்டர்கேட் கட்டடத்தில் இருந்த ஜனநாயகக் கட்சி அலுவலகத்தில் அத்துமீறி நுழைந்த ஐவர் பிடிபட்ட ஆறாம் நாள், 1972 ஜூன் 23 அன்று, அதிபர் அறையில் பதிவான ஒலிநாடாவைக் கேட்டால் இன்னொன்றும் தெளிவாகும். சிஐஏவை விட்டு எஃப்பிஐ விசாரணையை நிறுத்தச் சொல்லலாம் என்ற யோசனையை அறைக்குள் கொண்டுபோனவர், வெள்ளை மாளிகைப் பணியாளர் தலைவராக இருந்த ஹால்ட்மன். நிக்சன் அதை ஏற்றார். வில்லாளியின் கையில் அம்பே நாணேற்றிக் கொடுத்த கதை இது.

அதிபர் சொன்னால் மறுக்க முடியுமா என்று கேட்பார்கள். மறுத்தவர்கள் இருந்தார்கள். நிக்சனின் எதிரிகள் பட்டியலை வருமான வரித்துறைத் தலைவர் ஜானி வால்டர்ஸிடம் வெள்ளை மாளிகை வழக்கறிஞர் ஜான் டீன் கொடுத்தபோது, வால்டர்ஸ் அதை உறையிலிட்டு இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்தார். ஒருவர் மீதும் அவர் நடவடிக்கை எடுக்கவில்லை. 1973 அக்டோபரில், வாட்டர்கேட்டை விசாரித்த சிறப்பு வழக்கறிஞர் ஆர்ச்சிபால்ட் காக்ஸை நீக்கச் சொன்ன நிக்சனின் உத்தரவுக்குப் பணியாமல் எலியட் ரிச்சர்ட்சன் அட்டர்னி ஜெனரல் பதவியையே விட்டார். அவருக்கு அடுத்த நிலையில் இருந்த வில்லியம் ரக்கல்ஸ்ஹவுஸும் பணியவில்லை. அதே அரசு, அதே அதிபர். இவர்களால் முடிந்தது ஹால்ட்மனால் முடியாமற்போனது ஏன்?

தலைவரை விட்டுவிட்டு ஊழியர்களை மட்டும் சிறைக்கு அனுப்புவது ஓரவஞ்சனை என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. அந்த அநீதி பிறந்தது ஜூரிகளின் தீர்ப்பில் இல்லை, ஃபோர்டின் கையெழுத்தில். நாட்டின் காயம் ஆறவேண்டும் என்றார் அவர். விசாரணையே நடக்காமல் காயம் எப்படி ஆறும்? அந்த முன்மாதிரியின் விளைவை அமெரிக்கா 1992 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் கண்டது. ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்று, அந்தப் பணத்தை நிகரகுவா கிளர்ச்சியாளர்களுக்குத் திருப்பிய ஈரான்-கான்ட்ரா விவகாரத்தில் சிக்கிய ஆறு பேருக்கு அன்றைய அதிபர் மூத்த புஷ் மன்னிப்பு அளித்தார். அவர்களில் ஒருவரான முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் காஸ்பர் வைன்பெர்கரின் வழக்கு விசாரணை அப்போது தொடங்கியிருக்கவே இல்லை. மேலே இருப்பவர் தப்பினார் என்பதற்காகக் கீழே இருப்பவரையும் விடுவித்தால், சட்டம் யாரையும் தொடாது. மேலே இருப்பவரையும் கூண்டில் ஏற்றுவதே சரியான பரிகாரம்.

மிட்செலும் ஹால்ட்மனும் எர்லிக்மனும் ஆளுக்கு ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு சிறையில் இருந்தார்கள். நிக்சன் இந்த வழக்கில் குற்றம்சாட்டப்பட்டவராக ஒரு நாள்கூட நீதிமன்றத்தில் நிற்கவில்லை.