டொச்சுக் கார், அமெரிக்கக் கார், ஜப்பான் கார்... எங்கட கார் எது?

ஹம் காமாட்சி அம்மன் கோயில் தேர்த்திருவிழாவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். வீதியில் அம்மனுக்கு ஒரு தேர். வாகனம் நிறுத்தும் இடத்தில் எங்கட சனத்துக்கு நூறு தேர். பென்ஸ், பி.எம்.டபிள்யூ, ஔடி என்று வெயிலில் பளபளத்துக்கொண்டு நிற்கும். போன வருடம் அதுகளுக்கு நடுவில் எனது பழைய ஓப்பல் சபீராவை நிறுத்திவிட்டு இறங்கினேன். தெரிந்த அண்ணை ஒருவர் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார்.

"தம்பி, இன்னும் இதிலயோ ஓடித் திரியிறீர்? ஒரு டொச்சுக் கார் எடுமன். ஓப்பலும் போர்ட்டும் அமெரிக்கன்ர சாமான். ரொயோட்டா ஜப்பான்காரன்ர. இந்த நாட்டுச் சோத்தைத் தின்னுறம், இந்த நாட்டுக் காரை வாங்கினால்தானே மரியாதை?"

சிரித்துச் சமாளித்துவிட்டேன். ஆனால் இந்தப் பனிக்காலம் சபீரா டியூவ் சோதனையில் தவறிவிட்டது. அடிப்பாகம் முழுக்கத் துரு. திருத்துகிற காசு காரின் விலையைவிடக் கூட. டோர்ட்முண்டில் ஒரு உணவகத்தின் குசினியில் வேலை செய்கிறேன். இரவு ஒரு மணிக்கு அடுப்புத் துடைத்துவிட்டு வெளியே வந்தால் எங்கள் பக்கம் போக ரயில் இல்லை. கார் எனக்கு ஆடம்பரம் இல்லை. ஆகவே அண்ணை சொன்னதை உண்மையாகவே யோசித்துப் பார்க்க வேண்டி வந்தது.

முதலில், ஒரு காருக்கு எது நாடு?

அண்ணை மெச்சுகிற பி.எம்.டபிள்யூ எக்ஸ் 5, 1999 இல் இருந்து அமெரிக்காவில் தென் கரோலினா மாநிலத்து ஸ்பார்டன்பேர்க்கில் செய்யப்படுகிறது. அங்கிருந்து கப்பலில் ஏறித்தான் ஜேர்மனிக்கு வருகிறது. பென்ஸ் ஜி.எல்.ஈ. அலபாமாவில் இருந்து வருகிறது. அமெரிக்கக் கொம்பனியான போர்ட்டோ 1931 இல் இருந்து கொலோனில் கார் செய்கிறது. 1930 இல் அந்தத் தொழிற்சாலைக்கு அடிக்கல் வைத்தவர்கள் ஹென்றி போர்ட்டும், அப்போது கொலோன் நகரபிதாவாக இருந்த கொன்ராட் அடெனவரும். ஜப்பான் கார் என்கிற ரொயோட்டா யாரிஸ் 2001 இல் இருந்து பிரான்சின் வலன்சியென் நகருக்குப் பக்கத்தில் செய்யப்படுகிறது. ஓப்பல் கோர்சாவைச் செய்வது ஸ்பெயினில் சரகோசாவில்.

2025 ஏப்ரலில் ட்ரம்ப் இறக்குமதிக் கார்களுக்கு 25 வீத வரி போட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஸ்பார்டன்பேர்க் பி.எம்.டபிள்யூ அங்கே உள்நாட்டுக் கார், இங்கே இறக்குமதிக் கார். ஆனால் எங்கட ஆக்களுக்கு அதுதான் அசல் டொச்சுக் கார்!

ஓப்பலின் கதை இன்னும் சிக்கல். றுசெல்ஸ்ஹைமில் தையல் மெஷின் செய்யத் தொடங்கிய ஜேர்மன் கொம்பனி அது. 1929 இல் ஜெனரல் மோட்டோர்ஸ் அதன் பெரும் பங்கை வாங்கியது. 2017 இல் பிரெஞ்சுக்காரருக்கு விற்றது. இப்போது ஸ்டெல்லாண்டிஸ் என்கிற பெரிய கூட்டத்துக்குள் இருக்கிறது. ஆக, அண்ணை சொன்ன "அமெரிக்கன்ர ஓப்பல்" அமெரிக்கன்ர கையை விட்டுப்போய் வருடக்கணக்காகிவிட்டது.

எனது சபீரா போகுமில் செய்தது. என்னோடு கோப்பை கழுவுகிற துருக்கி அண்ணன் இருபது வருடத்துக்கு மேல் அந்தத் தொழிற்சாலையில் கதவு பூட்டியவர். முதல்முறை எனது காரில் ஏறும்போது கதவை இரண்டு தரம் திறந்து மூடிப் பார்த்தார். "இது நான் பூட்டின கதவாயும் இருக்கலாம்" என்றார்.

போகும் ஓப்பல் தொழிற்சாலை 1962 இல் ஒரு பழைய நிலக்கரிச் சுரங்க நிலத்தில் தொடங்கியது. 2004 ஒக்டோபரில் ஜெனரல் மோட்டோர்ஸ் ஐரோப்பாவில் 12,000 வேலைவரை குறைப்பதாக அறிவித்தபோது அங்கத்தைய தொழிலாளர்கள் யாருடைய அனுமதியும் கேட்காமல் ஒரு கிழமையளவு வேலையை நிறுத்தினார்கள். இவரும் வாசலில் நின்றவர். 2014 டிசம்பரில் கடைசிச் சபீரா வெளியே வந்தது, தொழிற்சாலை பூட்டப்பட்டது. 3,000க்கு மேற்பட்டவர்களுக்கு வேலை போனது. இப்போது அந்த நிலத்தில் ஒரு பெரிய பார்சல் நிலையம் ஓடுகிறது.

அண்ணையின் "சோத்துக் கடன்" நியாயத்தை இவரிடம் சொல்லிப் பார்த்தேன். கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நான் வாழ்க்கை முழுக்க ஓப்பல்தான் வாங்கினேன். என்னைப்போல எல்லோரும் வாங்கினார்கள். பூட்டுகிற நாளில் யாரும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. உன்ர பிள்ளைகளின் கணக்கைப் பார்த்து வாங்கு."

இந்தக் கதை வேறோர் இடத்தில் முன்னமே கேட்டதுதான்.

1990 இல் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை வந்தபோது எனக்குப் பதினொரு வயது. பெற்றோல் இல்லை. எனது மாமா ஒருவர் ஏ-40 சோமசெட் கார் வைத்து வாடகைக்கு ஓடினவர். 1950களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஒஸ்ரின் கொம்பனி செய்த கார். சின்னப் போத்தலில் இருக்கும் கொஞ்சப் பெற்றோலைக் காபரேற்றருக்கு விட்டு ஸ்ராட் பண்ணுவார். எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார். புகையும் மணமும் சொல்லி வேலையில்லை. ஆனால் ஓடும். உடைந்த சாமானுக்குப் பதில் சாமான் கொழும்பிலிருந்து வராது. லேத் பட்டறையில் கடைந்து போடுவார். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்தபோது, லட்சக்கணக்கான சனத்துக்கு நடுவில் நடை வேகத்தில் ஊர்ந்து, எங்கள் அம்மம்மாவைத் தென்மராட்சிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்தக் கார்தான்.

கார் வாங்க வருகிற பொடியளுக்கு மாமா ஒன்றே ஒன்றுதான் சொல்லுவார். "வெள்ளைக்காரன்ரயோ யப்பான்காரன்ரயோ எண்டு பாராத. பழுதானால் உன்ர காசில திருத்தலாமோ எண்டு பார்."

அந்தப் புத்தியை நான் ஒருமுறை மறந்தேன். அதை எழுதாமல் அண்ணைக்கு மட்டும் புத்தி சொன்னால் அது நேர்மையில்லை.

2012. நான் வந்து ஐந்து வருடம். முதலில் அகதி விண்ணப்பத்தோடு இருந்த காலத்தில், அனுமதி இல்லாமல் எங்கள் மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது என்ற சட்டம் எனக்கும் இருந்தது. அதிலிருந்து விடுபட்ட புளுகத்தில், எல்லோரும் திரும்பிப் பார்க்கிற ஒரு டொச்சுக் காரை, எட்டு வருடம் பழையதை, கடனுக்கு எடுத்தேன். பெயர் வேண்டாம். கார்மீது பிழையில்லை, பிழை என்மீது. குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் 2015 இல்தான் வந்தது. அதற்கு முன் குசினியில் என்ன தருவார்கள் என்று வேலை செய்தவர்களுக்குத் தெரியும். மாதக் கட்டுக்காசு, முழுக் காப்புறுதி எல்லாம் போக, பதினோராவது மாதம் கியர்பெட்டி போனது. 3,400 யூரோ.

அந்தக் காசு வேறோர் ஆளுக்குச் சொல்லி வைத்த காசு. எனது அக்கா குடும்பம் முகாமிலிருந்து வெளியே வந்து கிளிநொச்சியில் வீடு கட்டிக்கொண்டிருந்தது. கூரைக்குக் காசு அனுப்புகிறேன் என்று சொல்லியிருந்தேன். அனுப்பவில்லை. காரணத்தையும் சொல்லவில்லை. இரண்டு மாரி அவர்கள் தகரத்துக்குக் கீழே இருந்தார்கள். அக்கா இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்த இரண்டு வருடமும் ஹம் தேருக்கு அந்தக் காரில்தான் போனேன். எல்லோரும் வடிவான கார் என்றார்கள்.

யாழ் பல்கலைக்கழகத்தில் பொருளியலை மூன்றாம் வருடத்தோடு விட்டுவிட்டு வந்தவன் நான். முதல் வருடமே படிப்பித்த விசயம் "அமையச் செலவு". ஒன்றைத் தெரிவுசெய்யும்போது கைவிடுகிற மற்றது எதுவோ, அதுதான் உண்மையான விலை. சோதனையில் அதற்கு நல்ல புள்ளி எடுத்தேன். விளங்கியது 2012 இல்தான்.

ஆகவே எனது அபிப்பிராயம் இதுதான். எங்களைப்போல மணிக்கணக்குச் சம்பளக்காரருக்கு அமெரிக்கக் கார், டொச்சுக் கார், ஜப்பான் கார் என்ற கேள்வியே பிழை. உரிமையாளர் மாறுவார், தொழிற்சாலை இடம் மாறும், சின்னம் மட்டும் அப்படியே இருக்கும். நாங்கள் கேட்க வேண்டியது மூன்று. கடனில்லாமல் வாங்கலாமா? பக்கத்துக் கராஜில் திருத்தலாமா? வருடக் காப்புறுதியும் வரியும் எத்தனை நாள் சம்பளம்? இந்த மூன்றுக்கும் பென்ஸ் சரியாக வந்தால் பென்ஸ் எடுங்கள். வசதியுள்ளவன் வாங்குவதில் எனக்கு எரிச்சல் இல்லை. வசதியில்லாதவனைப் பார்த்து "மரியாதை" என்று சொல்லி உசுப்பேத்துவதில்தான் எரிச்சல்.

இந்த நாட்டுக்கு நன்றி காட்ட வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. வரி கட்டுகிறேன், அவர்களுக்குச் சமைக்கிறேன். வங்கிக்கு வட்டி கட்டுவதையும் நன்றிக் கணக்கில் சேர்க்க எனக்கு மனமில்லை.

கடைசியில் இரண்டு கார் பார்த்தேன். 2018 ஆம் ஆண்டு யாரிஸ் ஒன்று, அதே வருடத்துப் போர்ட் பியெஸ்டா ஒன்று. யாரிஸ் நல்ல கார், ஆனால் 2,000 யூரோ கூட. பியெஸ்டாவின் அடியில் துரு இருக்கிறதா என்று துருக்கி அண்ணன் படுத்துக் கிடந்து பார்த்தார். "எடு" என்றார். கைக்காசு கொடுத்து எடுத்தேன். அண்ணையின் கணக்கில் அது அமெரிக்கக் கார். கொலோனில் செய்த கார். 2023 யூலையில் அங்கே பியெஸ்டா செய்வதையும் நிறுத்திவிட்டார்கள். 2025 நவம்பரில் சார்லூயியில் போக்கஸும் நின்றது. அங்கேயும் இப்போது யாரோ ஒருவர் கோப்பை கழுவப் போயிருப்பார்.

மிச்சம் வந்த 2,000 யூரோவை அக்காவின் மகளுக்கு அனுப்பினேன். பேராதனைக்கு எடுபட்டிருக்கிறாள். இந்தமுறை எதற்கு அனுப்புகிறேன் என்பதையும், அந்தக் கூரைக் காசு எங்கே போனது என்பதையும் அக்காவுக்குச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இப்ப இருக்கிற கார் ஒழுங்கா ஓடுதோடா?" என்று கேட்டா.

ஓடுகிறது. வருகிற தேருக்கும் அதில்தான் வருவேன். கண்டால் கதையுங்கோ.