"பார்ப்பம்" என்ற வரிசை

இந்தக் கிழமை எபிசோட்டில் டாஸ்க் போர்ட் பற்றிக் கதைக்கேக்க நான் கொஞ்சம் சூடாகிவிட்டேனாம். எடிட் பண்ணுகிறவர் பாதியை வெட்டிவிட்டார். வெட்டுப்பட்ட பாதி இது.

முதலில் வீட்டுக் கதை. ஏழு வயதில் "அம்மா, எனக்கு ஒரு நாய்க்குட்டி வேணும்" என்று கேட்டேன். "பார்ப்பம்" என்றா. பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தோடு இரண்டு நாள் கேம்பிங் போகக் கேட்டேன். "பார்ப்பம்." அம்மா ஒருநாளும் இல்லை என்று சொன்னதில்லை, ஓம் என்றும் சொன்னதில்லை. நாய்க்குட்டியும் வரவில்லை. உங்கள் வீட்டிலும் இந்தச் சொல் இருந்திருக்கும். அதன் அர்த்தத்தை யாரும் எங்களுக்குச் சொல்லித்தரத் தேவைப்படவில்லை.

வேலைக்குப் போன பிறகு அதே சொல்லை வேறு பெயரில் கண்டேன். அங்கே அதை பேக்லாக் என்கிறார்கள்.

ட்ரெல்லோவோ ஜிராவோ, எதைத் திறந்தாலும் அமைப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான். இடது பக்கம் செய்யவேண்டியது, நடுவில் செய்துகொண்டிருக்கிறது, வலது பக்கம் முடிந்தது. லேபிளுக்கு என்ன நிறம், கார்டுக்கு எத்தனை பாயின்ட் என்று டீம்கள் மணிக்கணக்கில் சண்டை பிடிக்கும். என்னைக் கேட்டால் அதெல்லாம் சின்ன விஷயம். ஒரு போர்ட் உண்மை பேசுகிறதா இல்லையா என்பது இடது பக்க வரிசையில்தான் தெரியும்.

எனக்கு இது விளங்கின விதம் பெருமைக்குரியது இல்லை. சில வருஷத்துக்கு முதல், மருந்து ரீஃபில் பண்ணுகிற ஒரு ஆப்பில் வேலை செய்தேன். கண் பார்வை இல்லாத ஒரு வாடிக்கையாளர் சப்போர்ட்டுக்கு எழுதியிருந்தா. ரீஃபில் பட்டனுக்கு வந்ததும் ஸ்க்ரீன் ரீடர் வெறுமனே "பட்டன்" என்று மட்டும் சொல்கிறது. பக்கத்தில் இன்னும் இரண்டு. அதுவும் "பட்டன்", "பட்டன்". சப்போர்ட்டில் இருந்தவர் கார்ட் போட்டார். நல்ல கார்ட், படிப்படியாக எழுதி ஸ்க்ரீன்ஷாட்டும் வைத்திருந்தார். "பதிவு செய்துவிட்டோம், எங்கள் டீம் பார்க்கும்" என்று அவவுக்குப் பதிலும் போனது.

இரண்டு கிழமைக்கு ஒருக்கா பிளானிங் மீட்டிங். அந்தக் கார்ட் வரும். "மீடியம்" என்று இருக்கும். யாராவது ஒருவர் "அடுத்த ஸ்பிரின்ட்டில் பார்க்கலாம்" என்பார். மௌஸால் பிடித்துக் கீழே இழுத்து விடுவோம். இழுத்தது பெரும்பாலும் நான்தான், ஏனென்றால் ஸ்க்ரீன் ஷேர் பண்ணுவது என் பொறுப்பு. இப்படியே பதினொரு மாதம். ஒருநாள் வேறு எதையோ தேடேக்க அது கண்ணில் பட, திறந்து, பட்டனுக்கு ஒரு லேபிள் எழுதினேன். ஒரு வரி. டெஸ்ட் பண்ணினதோடு சேர்த்து இருபது நிமிஷம்.

அவ நன்றி சொல்லி எழுதினா. இவ்வளவு நாளும் மகன் வேலையால் வந்த பிறகு அவனைக் கொண்டுதான் பட்டனை அழுத்தினாவாம். கடைசியில் ஒரு வசனம்: "நான் என்ன மருந்து எடுக்கிறேன் என்று அவனுக்குத் தெரியவேண்டாம் என்று நினைத்திருந்தேன்."

முதல் மாதமே "இல்லை, செய்யமாட்டோம்" என்று சொல்லியிருந்தால் அவ வேறு பார்மசிக்குப் போயிருப்பா. "ஓம்" என்றால் அந்தக் கிழமையே முடிந்திருக்கும். நாங்கள் சொன்னது பார்ப்பம்.

போன மாதம் அம்மாவிடம் கேட்டேன், ஏன் எப்போதும் அப்படிச் சொன்னீங்கள் என்று. "இல்லை எண்டால் நீ அழுவாய். ஓம் எண்டால் கையில காசில்லை" என்றா. சரி, அவவுக்கு ஒரு காரணம் இருந்தது. சம்பளம் வாங்கிக்கொண்டு இருந்த ஒன்பது பேருக்கு என்ன காரணம்?

இந்தக் கார்ட் என்கிற யோசனையே முதலில் இதற்கு நேர்மாறானது. கான்பன் என்ற ஜப்பானியச் சொல்லுக்குப் பலகை, அறிவிப்புப் பலகை என்று பொருள். 1950களில் டொயோட்டாவில் தாய்ச்சி ஓனோ இதைக் கொண்டுவந்தபோது அவர் மனதில் இருந்தது அமெரிக்க சூப்பர்மார்க்கெட். தட்டில் சாமான் குறைந்தால்தான் அங்கே திரும்ப அடுக்குவார்கள். அதுபோல, பாகங்கள் வைத்த பெட்டியோடு ஒரு கார்ட் இருக்கும். பெட்டியில் உள்ளதைப் பாவிக்கத் தொடங்கியதும் கார்ட் முந்தின பகுதிக்குத் திரும்பிப் போகும், இன்னும் செய் என்று. கார்ட் வராவிட்டால் செய்யக்கூடாது. ஆகவே கார்ட் எத்தனை என்பதுதான் வேலைக்கு எல்லை. எங்களுக்கோ 2011இல் ட்ரெல்லோ வந்த காலத்தில் இருந்து ஒரு கார்டுக்கு ஆகிற செலவு ஒரு என்டர் கீ. எழுதி விட்டாலே ஏதோ செய்து முடித்த மாதிரி ஒரு திருப்தி வந்துவிடுகிறது.

நடு வரிசைக்கும் இதே நோய் உண்டு, ஆனால் அதற்குக் கணக்காவது இருக்கு. 1961இல் ஜான் லிட்டில் நிரூபித்த ஒரு விதி: நடுவில் 30 கார்ட் நிற்க, டீம் கிழமைக்கு 5 முடித்தால், ஒரு கார்ட் வெளியே வர சராசரி ஆறு கிழமை. நடுவில் 10 மட்டும் வைத்து அதே 5ஐ முடித்தால் இரண்டு கிழமை. ஒருவரும் வேகமாக ஓடத் தேவையில்லை. ஜிராவில் வரிசைக்கு எல்லை வைக்கலாம், ஆனால் மீறினால் அது சிவப்பாகும், அவ்வளவுதான், உங்களைத் தடுக்காது. செக் எஞ்சின் லைட் எரிய எரியக் கார் ஓடுகிற எங்கள் மாமாக்கள் மாதிரி டீம்களும் பழகிவிடும்.

ஜிராவில் இன்னொரு பொறியும் இருக்கு. அங்கே கார்ட் வரிசைக்குள் இருப்பதில்லை. போர்ட் என்பது ஒரு ஃபில்டர் வழியாகப் பார்க்கிற ஜன்னல். ஒவ்வொரு வரிசையும் சில ஸ்டேட்டஸ்களோடு இணைக்கப்பட்டிருக்கும். யாராவது புதிதாக ஒரு ஸ்டேட்டஸ் உருவாக்கி, அதை எந்த வரிசையோடும் இணைக்க மறந்தால், அதில் உள்ள கார்டுகள் போர்ட்டில் தெரியவே தெரியாது. அழியவில்லை, தேடினால் வரும். காணாமல் போனது தெரிந்தால்தானே தேடுவீங்கள்? இன்றைக்கே உங்கள் போர்ட் செட்டிங்ஸில் ஒருக்கா பாருங்கள்.

நான் கேட்பது இதுதான். இடது வரிசைக்கும் எல்லை வேணும், வயதும் வேணும். ட்ரெல்லோவில் கார்ட் ஏஜிங் என்று ஒரு பவர்-அப் வந்தது. தொடாமல் விட்ட கார்ட் மெல்ல மெல்ல மங்கும். கடற்கொள்ளையர் மோடில் பழைய வரைபடம் மாதிரி மஞ்சளாகிக் கிழியும். விளையாட்டாகச் செய்ததுதான், ஆனால் இந்த மென்பொருள்களில் நான் பார்த்ததிலேயே யோக்கியமான அம்சம் அது. மூன்று மாதம் ஒருவரும் தொடாத கார்டை ஆர்கைவ் பண்ணவேணும். பண்ணிவிட்டு, கேட்டவருக்கு "இதைச் செய்யமாட்டோம்" என்று எழுதவேணும். ஒரு கார்டில் இரண்டு பேர் பெயர் போடுவதையும் நிறுத்தவேணும், அது பற்றிப் பிறகொருநாள்.

எபிசோட்டில் என்னோடு கதைத்தவர் சரியாகப் பிடித்தார்: "உன் விதிப்படி அந்த அம்மாவின் கார்ட் மூன்றாம் மாதமே போயிருக்குமே?" ஓம், போயிருக்கும். ஆனால் போவதற்கு முதல் யாரோ ஒருவர் இருந்து, கண் தெரியாத ஒருவருக்கு, "உங்கள் மருந்துப் பட்டனுக்கு நாங்கள் பெயர் வைக்கமாட்டோம்" என்று எழுதியிருக்கவேணும். எனக்குக் கை வந்திருக்காது. அந்த மெயிலை எழுதுவதை விட லேபிளை எழுதுவது சுகம். கீழே இழுத்து விடுவதற்கு யாருடைய முகத்தையும் நினைக்கத் தேவையில்லை, அதுதான் பிரச்சினை.

இதெல்லாம் சொல்லிவிட்டு எங்கள் சொந்த போர்ட்டைப் பார்த்தேன். 'எபிசோட் ஐடியா' வரிசையில் 143 கார்ட். பாதிக்கு மேல் நீங்கள் அனுப்பினவை. எல்லாவற்றுக்கும் "சூப்பர் ஐடியா, கட்டாயம் பார்ப்பம்" என்று பதில் போட்டிருக்கிறோம். சிலது மூன்று வருஷப் பழசு. ஞாயிற்றுக்கிழமை இருந்து 131ஐ எடுத்தேன். அனுப்பினவர்களுக்கு ஒவ்வொன்றாக எழுதினேன். சிலருக்குத் தாங்கள் கேட்டதே மறந்துபோயிருந்தது. ஒருவர் கோபித்துக்கொண்டார், நியாயமான கோபம். இன்னொருவர் "அப்ப நானே அதை வீடியோவாகச் செய்யிறன்" என்று எழுதினார்.

மிச்சம் 12. தமிழில் வாய்ஸ் டைப்பிங் ஏன் எங்கள் அப்பம்மாமாரின் பேச்சைப் பிடிக்குதில்லை என்று கேட்டவருக்கு: அடுத்த மாதம் செய்கிறோம், திகதி குறித்தாச்சு. கிரிப்டோ பற்றி நாலு தரம் எழுதின அண்ணாவுக்கு: இல்லை.