கொலுப்படியில் ஒரு பட்டாளம்

"அம்மா, இந்த வருஷம் கொலுவிலே நம்ம மலைக்கோட்டை வேணும். கீழே வேலு நாச்சியார் பட்டாளம் நிக்கணும்!" என்று அடம் பிடித்தான் பெரியவன். திண்டுக்கல் பிள்ளை கேட்பதில் தப்பில்லை. பக்கத்து விருப்பாட்சியில் தங்கியிருந்துதானே நாச்சியார் படை திரட்டி, ஹைதர் அலியின் உதவியோடு 1780-ல் சிவகங்கையை மீட்டார்!

மதுரைப் பக்கம் விளாச்சேரியிலிருந்து வர்ணம் தீட்டாத மண் சிப்பாய்கள் இருபது வாங்கி வந்தோம். மேல்நாட்டில் இது பெரியவர்களுக்கும் விளையாட்டு. பொம்மைச் சிப்பாய்களை வைத்துப் போர் நடத்த ஹெச்.ஜி.வெல்ஸ் 1913-ல் ஒரு புத்தகமே எழுதினார். இன்றும் மேஜை மேல் அப்படி விளையாடுகிறவர்கள் சிப்பாய்களுக்குத் தாங்களே வர்ணம் தீட்டுகிறார்கள்.

செய்முறை சுலபம். தூசி தட்டி, முதலில் வெள்ளைப் பூச்சு ஒன்று. காய்ந்ததும் தண்ணீரில் கரையும் வர்ணத்தை மெல்லிசாக இரண்டு முறை பூசுங்கள். திட்டாக அப்பினால் மீசையும் மூக்கும் மறைந்துவிடும்! பிறகு நீர்க்கப் பழுப்பு வர்ணம் தடவி, உடனே துணியால் ஒற்றி எடுங்கள். மடிப்புகளில் மட்டும் அது தங்கி, சட்டை நிஜமாகத் தெரியும். கண்ணைக் கடைசியில் ஈர்க்குச்சி நுனியால் திறக்கலாம்.

இப்படி மும்முரமாக இருந்தபோதுதான் அத்தை, "ஐயையோ, சின்னவ வாயிலே என்ன பாரு!" என்று அலறினார். அத்தை காலத்து பேண்டு வாத்திய பொம்மை ஒன்றை என் ஒன்றரை வயசு மகள் சப்பிக்கொண்டிருந்தாள். உதட்டில் சிவப்புப் பொருக்கு!

டாக்டர் ரத்தத்தில் ஈயம் இருக்கிறதா என்று பார்த்தார். நல்லவேளை, ஒன்றும் வரவில்லை. ஈயம் என்றால் ரசம் வைக்கும் ஈயச்சொம்பு இல்லை, அது வெள்ளீயம். இது காரீயம். பழைய பெயிண்ட்களில் நிறையச் சேர்ப்பார்கள். சாப்பிட்டால் இனிக்குமாம், குழந்தை ஏன் விடும்? பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடம்பு இதைப் பல மடங்கு உறிஞ்சும். மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இவ்வளவு போனால் பரவாயில்லை என்ற அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டு உபயோகப் பெயிண்டில் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்று நம் நாட்டில் சட்டம் வந்தது 2016-ல்தான். அடுத்த வருஷம் அமலானது. அதற்கு முந்திய பொம்மைகளுக்கு யார் உத்தரவாதம்?

ஆகவே சகோதரிகளே, உரியும் பழைய பொம்மைகளை மேல்படியில் வையுங்கள். உப்புத்தாள் போட்டுச் சுரண்டாதீர்கள், தூசி பறக்கும். ஈரத்துணியால் துடைத்தால் போதும். பொம்மை தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். பிரஷ் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கும் பழக்கம் பெரியவனுக்கு இருந்தது, அதையும் நிறுத்திவிட்டேன்.

இப்போது நாச்சியார் பட்டாளம் அணிவகுத்து நிற்கிறது. பழைய பேண்டு செட் எட்டாத உயரத்தில் வாசிக்கிறது. "உன்னோட சிப்பாய் எல்லாருக்கும் ஏன்டா ஒரே மாதிரி மீசை?" என்கிறார் அப்பத்தா. பெரியவன் சொல்கிறான்: "அது யூனிபாரம், அப்பத்தா!"